விண்டோஸா லினக்ஸான்னு கேக்கறதே தப்புக் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட மாணவர் பக்கத்துல பைத்தான் தொடர் வருதே, அதை விடாம படிக்கறேன், பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பைத்தான் வந்ததுக்கப்புறம் தமிழ்ல இதையெல்லாம் எழுத ஆள் வேணும்னு நெனைச்சுட்டிருந்தவன் நான், அதனால குறை சொல்லணும்னே எழுதறேன்னு எடுத்துக்காதீங்க. ஆனா போன வாரம் "உங்க ப்ரோக்ராம் விண்டோஸ்ல ஓடுதா லினக்ஸ்ல ஓடுதான்னு கண்டுபிடிக்கலாம் வாங்க"ன்னு ஒரு கோடு, அதான் ப்ரோக்ராம் வரிகள், போட்டிருந்தீங்க பாருங்க, பைத்தான்கிட்ட சிஸ்.பிளாட்ஃபார்ம்னு, அதாவது இது எந்த சிஸ்டம்னு, கேட்டு வர்ற பேருக்குள்ள 'வின்' இருந்தா விண்டோஸ், இல்லேன்னா லினக்ஸ், விண்டோஸ்னா இந்த வேலையைச் செய், லினக்ஸ்னா அந்த வேலையைச் செய்னு. அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

மொதல்ல அந்தக் கோடே தப்பு. ஆப்பிள் மேக்ல அதே கேள்வியைக் கேட்டா வர்ற பதில் 'டார்வின்'. அதுக்குள்ளயும் 'வின்' இருக்கு. ஆக உங்க கோடு படி உலகத்துல இருக்கிற மேக் எல்லாம் விண்டோஸ். 'சிக்வின்'னு இன்னொண்ணு இருக்கு, விண்டோஸ் மேல உக்காந்துகிட்டு யூனிக்ஸ் மாதிரி நடந்துக்கும், அதுவும் இதுல மாட்டும். இது பழைய ஜோக், ப்ரோக்ராமர்கள் நடுவுல ரொம்ப நாளா ஓடிட்டிருக்கறதுதான்.

சரி 'வின்32'ன்னு முழுப் பேரையும் சரிபார்த்துட்டா போச்சுன்னு தொடர் எழுதறவர் சொல்லலாம். 64 பிட் விண்டோஸ்லயும் பைத்தான் 'வின்32'ன்னுதான் சொல்லும், அதனால அது வேலை செய்யும்தான். நான் சொல்ல வந்தது அது இல்லீங்க. பேரைக் கேட்டுட்டு அந்தப் பேரை வெச்சு இவனுக்கு இன்னது தெரியும் இன்னது தெரியாதுன்னு நாமளா முடிவு பண்றோம் பாருங்க, அந்தப் பழக்கத்தைத்தான் சொல்றேன். மாஸ்டர் மதுரைக்காரரா இருந்தா பரோட்டா போட வரும்னு நெனைச்சு வேலைக்கு எடுக்கிற மாதிரி இருக்கு. வருமான்னு அவரையே கேட்டாப் போச்சு, இல்ல மாவைக் கையில குடுத்துப் பாத்தாப் போச்சு, ஊரை எதுக்குக் கேக்கணும்?

இதனால என்ன ஆகும்ங்கிறதுக்கு பைத்தான்லயே ஒரு கதை இருக்கு. முன்னெல்லாம் லினக்ஸ்ல சிஸ்.பிளாட்ஃபார்ம் கேட்டா 'லினக்ஸ்2'ன்னு வரும். அந்த 2 எங்கேர்ந்து வந்ததுன்னா, பைத்தானை எந்த மெஷின்ல பில்ட் பண்ணாங்களோ அந்த மெஷினோட கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, அதோட வெர்ஷன்ல முதல் நம்பரை பேரோட ஒட்டி வெச்சுட்டாங்க. ரொம்ப வருஷமா கெர்னல் 2.4, 2.6னே போயிட்டிருந்ததால யாரும் இதைக் கண்டுக்கல, 'லினக்ஸ்2'க்குச் சமமான்னு பாக்கிற கோடு ஆயிரக்கணக்குல எழுதிட்டாங்க. 2011 ஜூலையில லினக்ஸ் 3.0 வந்துச்சு. அதுல பெருசா ஒண்ணும் மாறல, 2.6.39ன்னு நம்பர் நீண்டுகிட்டே போறது நல்லா இல்ல, லினக்ஸுக்கு 20 வயசும் ஆகுதுன்னு லினக்ஸை உண்டாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் நம்பரை மாத்தினார், அவ்வளவுதான். ஆனா அந்த கெர்னல் மேல பில்ட் பண்ண பைத்தான் 'லினக்ஸ்3'ன்னு சொல்ல ஆரம்பிச்சுது, நேத்து வரைக்கும் ஓடின ப்ரோக்ராம் எல்லாம் இது லினக்ஸே இல்லேன்னு நெனைச்சுகிட்டு படுத்துருச்சு. கடைசியில பைத்தான் 2.7.3ல எந்த கெர்னலா இருந்தாலும் 'லினக்ஸ்2'ன்னே சொல்லுன்னு ஆணி அடிச்சாங்க, 3.3ல நம்பரையே எடுத்துட்டு வெறும் 'லினக்ஸ்' ஆக்கினாங்க. இதோட முடிஞ்சுதான்னா இல்ல, 2024 அக்டோபர்ல வந்த 3.13ல ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு 'ஆண்ட்ராய்டு'ன்னு தனிப் பேரு குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி அதுவும் 'லினக்ஸ்'தான். லேப்டாப் இல்லாம ஃபோன்லயே பைத்தான் எழுதிப் பழகற பசங்க நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, அவங்க ஃபோன்ல 3.13 வந்த அன்னிக்கு 'லினக்ஸ்னா இதைச் செய்'ங்கிற கோடு எல்லாம் திரும்பவும் வழி தெரியாம நிக்கும்.

பைத்தான் மட்டும் இல்ல. பேரையும் வெர்ஷன் நம்பரையும் கேட்டுக் கேட்டு இந்த இண்டஸ்ட்ரியையே பொய் சொல்ற இடமா ஆக்கிட்டோம். குரோம் பிரவுசர் எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் தன்னை மோசில்லா, ஆப்பிள்வெப்கிட், கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரின்னு அஞ்சு பேரு சொல்லி அறிமுகப்படுத்திக்குது, ஏன்னா ஒரு காலத்துல 'மோசில்லா'ன்னு சொல்லாதவங்களுக்கு நல்ல பக்கத்தை அனுப்ப மாட்டாங்க. ஓபரா பிரவுசர் 10வது வெர்ஷன் வந்தப்போ முதல் எழுத்தை மட்டும் பாத்துட்டு இது வெர்ஷன் 1னு நெனைச்ச சைட்டுங்களுக்காக 9.80ன்னே சொல்லிட்டுத் திரிஞ்சுது. விண்டோஸ் 8.1ல இருந்து, வெர்ஷன் என்னன்னு பழைய ஃபங்ஷனை வெச்சுக் கேட்டா, உன்னை அந்த வெர்ஷனுக்காக எழுதினேன்னு நீ தனியா எழுதிக் குடுத்தாலொழிய பழைய நம்பரைத்தான் சொல்லும். விண்டோஸ் 11 இன்னிக்கும் உள்ளுக்குள்ள 10.0ன்னுதான் சொல்லுது. மேக் ஓஎஸ் 11 வந்தப்போ பழைய டெவலப்பர் கிட்டுல கட்டின ப்ரோக்ராம் கேட்டா 10.16ன்னு இல்லாத ஒரு வெர்ஷனைச் சொல்லுச்சு. 2019ல இருந்து ஐபேடோட சஃபாரி சைட்டுங்க கிட்ட நான் மேக்னு சொல்லுது. இவ்வளவு பெரிய கம்பெனிங்க எல்லாம் பொய் சொல்றதுக்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்ல, உண்மையைச் சொன்னா ஊர்ல இருக்கிற ப்ரோக்ராம் பாதி நின்னு போகுது.

இதுல ரெட் ஹேட் மாதிரி கம்பெனிகளோட லினக்ஸையும் சேத்துக்கணும், கெர்னல் நம்பர் பழசா இருக்கும், ஆனா உள்ள புது வெர்ஷன்ல இருந்து எடுத்து ஒட்டின வசதிகள் நெறைய இருக்கும். நம்பரை நம்பினா இருக்கிறதை இல்லேன்னு நெனைப்பீங்க.

இப்ப இதுக்கு ப்ரோக்ராம் எழுதற பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லீங்க. 'உன்னால இது முடியுமா'ன்னு கேக்க அவனுக்கு வழியே வைக்கலேன்னா அவன் பேரைத்தான் கேப்பான். அந்த வழியை வைக்க வேண்டியது லைப்ரரி எழுதறவங்க, கெர்னல் எழுதறவங்க, அதாவது இண்டர்ஃபேஸை டிசைன் பண்றவங்க. நான் இந்தக் கடிதம் எழுதறதே முக்கியமா இதுக்குத்தான், ஏன்னா உங்க தொடர் படிக்கிற பசங்கள்ல சிலர் நாளைக்கு லைப்ரரி எழுதப் போறாங்க.

நல்லா பண்ணின இடம் ஒண்ணு சொல்றேன், அதுவும் பைத்தான்லயே. 2012 செப்டம்பர்ல வந்த பைத்தான் 3.3ல ஓஎஸ் மாட்யூல்ல, அதான் ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட வேலை வாங்கற பகுதியில, இருக்கிற ஃபங்ஷன்கள் பலதுக்கும் புதுசா சில பாராமீட்டர் குடுத்தாங்க. அதுல ஒண்ணு 'டிர் எஃப்டி'. சாதாரணமா ஒரு ஃபைலை அழிக்கணும்னா முழுப் பாதையையும் சொல்லுவோம், இந்த ஃபோல்டர், அதுக்குள்ள அந்த ஃபோல்டர், அதுக்குள்ள இந்த ஃபைல்னு. 'டிர் எஃப்டி' குடுத்தா, நான் ஏற்கனவே ஒரு ஃபோல்டரைத் திறந்து கையில பிடிச்சிருக்கேன், அதுக்குள்ள இந்தப் பேரு இருக்கிறதை அழின்னு சொல்லலாம்.

இது எதுக்குன்னு தோணும். ஷட்டில்னு ஒரு மாட்யூல்ல ஆர்எம்ட்ரீன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒரு ஃபோல்டரை உள்ள இருக்கிறதோட சேத்து வேரோட அழிக்கும். நாலு பேர் பொழங்கற சர்வர்ல, தற்காலிக ஃபைல் போடற பொது இடத்தை அட்மின் இதை வெச்சு சுத்தம் பண்றார்னு வைங்க. ஃபங்ஷன் ஒரு ஃபோல்டரைப் பாக்குது, ஆமா ஃபோல்டர்தான்னு முடிவு பண்ணுது, உள்ள போகப் போகுது, அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல அதே மெஷின்ல இருக்கிற இன்னொருத்தன் அந்த ஃபோல்டரை எடுத்துட்டு அதே பேர்ல சிஸ்டம் ஃபைல் இருக்கிற இடத்துக்கு ஒரு சிம்பாலிக் லிங்க், அதான் வேற இடத்தைக் காட்டற கைகாட்டி, வெச்சுடறான். ஃபங்ஷன் அந்தப் பேரை நம்பி உள்ள போயி, அட்மின் அதிகாரத்தோட, சிஸ்டம் ஃபைலை எல்லாம் அழிச்சுட்டு வந்துடும். ஃபோல்டரைத் திறந்து கையில பிடிச்சுகிட்டு, நான் பாத்தது இதுதானான்னு உறுதி பண்ணிட்டு, அதுக்குள்ள மட்டும் அழிச்சா இந்த வேலை பலிக்காது. அதுக்குத்தான் 'டிர் எஃப்டி'.

ஆனா விண்டோஸ்ல இந்த வசதி கிடையாது. யூனிக்ஸ் வகையிலயும் எல்லாத்துலயும் எல்லா ஃபங்ஷனுக்கும் இருக்கும்னு சொல்ல முடியாது. இங்கதான் டிசைன் கேள்வி வருது. ஃபங்ஷன் இருக்கா இல்லையான்னு பாக்கறது சுலபம், ஓஎஸ்ல ஃபோர்க்னு ஒண்ணு இருக்கான்னு ஹாஸ்ஆட்டர் வெச்சுக் கேட்டாப் போதும், விண்டோஸ்ல அது இருக்காது. ஆனா ஃபைலோட விவரம் சொல்ற ஸ்டாட்ங்கிற ஃபங்ஷன் எல்லா இடத்துலயும் இருக்கு, அதுல ஒரு பாராமீட்டர் மட்டும்தான் சில இடத்துல வேலை செய்யாது. அதை எப்படிக் கேக்கறது? வேலை செய்யாத இடத்துல அந்தப் பாராமீட்டரையே எடுத்துடலாம்னா, அப்ப கூப்பிட்டா டைப் எரர் வரும், நீங்க பேரைத் தப்பா அடிச்சாலும் அதே டைப் எரர்தான் வரும், ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாது, டாக்குமெண்டும் ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு மாதிரி ஆயிடும்.

அவங்க என்ன பண்ணாங்கன்னா பாராமீட்டரை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வெச்சுட்டாங்க, முடியாத இடத்துல குடுத்தா நாட் இம்ப்ளிமெண்டட் எரர்னு பளிச்சுன்னு சொல்லிடும். அதோட கூட 'சப்போர்ட்ஸ் டிர் எஃப்டி', 'சப்போர்ட்ஸ் எஃப்டி', 'சப்போர்ட்ஸ் ஃபாலோ சிம்லிங்க்ஸ்'னு சில செட், அதாவது தொகுப்பு, வெச்சாங்க. அந்த செட்டுக்குள்ள இருக்கிறது பேரு இல்ல, எழுத்து இல்ல, ஃபங்ஷனே உள்ள உக்காந்திருக்கும். ஓஎஸ்.ஸ்டாட் இந்த செட்டுக்குள்ள இருக்கான்னு ஒரே வரியில கேக்கலாம், கிட்டத்தட்ட பேசற மாதிரியே இருக்கும். ஸ்பெல்லிங் தப்பா அடிச்சா அங்கயே எரர் வரும், 'வின்' 'டார்வின்' குழப்பம் எல்லாம் வரவே வராது. செட்டா இருக்கிறதால, ஓப்பன், ஸ்டாட், அன்லிங்க், ஆர்எம்டிர் இந்த நாலும் அதுக்குள்ள அடங்குதான்னு ஒரே ஒரு குறியை வெச்சுக் கேட்டுடலாம். ஆர்எம்ட்ரீ உள்ளுக்குள்ள இதைத்தான் செய்யுது, ஷட்டிலோட சோர்ஸைத் திறந்து பாத்தீங்கன்னா தெரியும், இது லினக்ஸா விண்டோஸான்னு அந்த முடிவுல எங்கயும் கேக்கல.

எனக்கு இதுல ஒரே ஒரு மனக்குறை. அந்த நாலும் இல்லாத இடத்துல ஆர்எம்ட்ரீ பழைய ஆபத்தான வழியிலயே, ஒரு வார்த்தை சொல்லாம, அழிச்சுட்டுப் போயிடும். நான் பாதுகாப்பா இருக்கேனான்னு தெரிஞ்சுக்க அந்த ஃபங்ஷன் மேலயே 'அவாய்ட்ஸ் சிம்லிங்க் அட்டாக்ஸ்'னு ஒரு குறிப்பு ஒட்டி வெச்சிருக்காங்க, ட்ரூன்னா பயமில்ல, ஃபால்ஸ்னா பாத்து நடந்துக்க. வெச்சது நல்லதுதான், ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? வேலை ஒழுங்கா நடக்கிற மாதிரி தெரியும்போது யாரு போய் டாக்குமெண்ட் படிக்கப் போறாங்க.

சத்தம் போடாம ஒத்துக்கறதுதான் இதுல எல்லாம் பெரிய வில்லன். ப்ரோக்ராம் கெர்னலைக் கூப்பிட்டு வேலை வாங்கறதுக்கு சிஸ்டம் கால்னு பேரு, அதுல லினக்ஸ் கெர்னலோட 'ஓப்பன்' காலை எடுத்துக்குங்க. ஃபைலை எப்படித் திறக்கணும்னு நாம குடுக்கிற கொடிகள்ல, அதான் ஃபிளாக், தனக்குத் தெரியாத ஃபிளாக் வந்தா அது கண்டுக்காம விட்டுடும். ஆரம்பத்துல யாரோ வசதியா இருக்கட்டும்னு விட்டது. அதனால என்ன ஆச்சுன்னா, புதுசா ஒரு ஃபிளாக் கொண்டு வந்தா, பழைய கெர்னல் அதைக் கேட்டுட்டு சரிங்கன்னு சொல்லிட்டு வேற வேலையைச் செய்யும், ப்ரோக்ராமுக்கு அது தெரியவே தெரியாது. இப்ப போயி தெரியாத ஃபிளாக்குக்கு எரர் குடுன்னு மாத்தவும் முடியாது, இத்தனை வருஷமா குப்பையை அனுப்பிட்டு நல்லா ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராம் எல்லாம் உடைஞ்சுடும். 2013ல 3.11 கெர்னல்ல பேரே இல்லாத தற்காலிக ஃபைல் உண்டாக்கற வசதி வந்துச்சு, ஓ டெம்ப்ஃபைல்னு பேரு. அதுக்கு ஒரு தந்திரம் பண்ணாங்க, அந்த ஃபிளாக்குக்குள்ளயே 'இது ஃபோல்டர்'ங்கிற பழைய ஃபிளாக்கையும் சேத்துக் கட்டிட்டாங்க. பழைய கெர்னலுக்குப் புதுசு புரியாது, ஆனா ஃபோல்டரை எழுதறதுக்குத் திறக்கச் சொல்றான்னு மட்டும் புரியும், அது முடியாதுன்னு எரர் குடுத்துடும். படிச்சப்போ கைதட்டலாம்போல இருந்துச்சு, அதே நேரம் இந்த நிலைமைக்கு வந்துட்டோமேன்னும் இருந்துச்சு.

ஃபைலை மெமரி மாதிரியே பொழங்க விடற 'எம்மேப்' கால்லயும் இதே கதைதான், அங்க விஷயம் இன்னும் சீரியஸ். கரண்ட் போனாலும் டேட்டா போகாத மெமரிக்காக எம்மேப்புக்கு ஒரு புது ஃபிளாக் கொண்டு வந்தாங்க, அதை கெர்னல் கண்டுக்காம விட்டா ப்ரோக்ராம் என் டேட்டா பத்திரமா இருக்குன்னு நம்பிட்டு இருக்கும், கரண்ட் போனா டேட்டாவும் போயிருக்கும். அதனால 4.15 கெர்னல்ல, தெரியாத ஃபிளாக் வந்தா மறுத்துடுன்னு சொல்றதுக்குன்னே தனியா ஒரு வகையை உண்டாக்கினாங்க. 2020ல 5.6 கெர்னல்ல வந்த, 'ஓப்பன்'னோட புது வடிவமான 'ஓப்பன்ஏட்2'ல பாடம் படிச்சுட்டாங்க, தெரியாத ஃபிளாக் வந்தா மொதல் நாள்லருந்தே மறுத்துடுது. 2017ல வந்த 'ஸ்டாட்எக்ஸ்' இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபைல் எப்ப உண்டாச்சுங்கிற தேதியைக் கேக்கறீங்கன்னு வைங்க, எல்லா ஃபைல் சிஸ்டமும் அதை வெச்சிருக்காது, ஸ்டாட்எக்ஸ் பதில் தரும்போது நான் இன்னின்னதை நெரப்பியிருக்கேன்னு ஒரு பட்டியலையும் சேத்தே தரும், அந்தத் தேதி பட்டியல்ல இல்லேன்னா அங்க இருக்கிற பூஜ்யத்தை நம்பாதேன்னு அர்த்தம். முன்னாடியே கேக்கவும் வேணாம், பின்னாடி ஏமாறவும் வேணாம்.

மறுக்கறதுலயும் ஒழுங்கா மறுக்கணும். லினக்ஸ்ல ஒரு சிஸ்டம் கால் இல்லவே இல்லேன்னா ஈநோசிஸ்னு ஒரு எரர் வரும், அனுமதி இல்லேன்னா ஈபெர்ம்னு வேற எரர் வரும். ப்ரோக்ராமுக்கும் கெர்னலுக்கும் நடுவுல நிக்கிற ஜிலிப்சி லைப்ரரி புது காலை முயற்சி பண்ணிப் பாக்கும், ஈநோசிஸ் வந்தா ஓ இது பழைய கெர்னல்னு பழைய வழிக்குப் போயிடும். ப்ரோக்ராமைத் தனிப் பெட்டிக்குள்ள போட்டு ஓட்டற டாக்கர் கண்டெய்னர்ல பாதுகாப்புக்காக, தெரிஞ்ச கால்களை மட்டும் விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் ஈபெர்ம் குடுத்துட்டிருந்தாங்க. 2021 வாக்குல புது ஜிலிப்சி வந்தப்போ அது புதுக் காலைக் கூப்பிட, பழைய டாக்கர் அனுமதி இல்லேன்னு சொல்ல, ஜிலிப்சி உண்மையிலேயே அனுமதி இல்ல போலன்னு நெனைச்சு நின்னுடுச்சு, கண்டெய்னருக்குள்ள சாதாரண கமாண்டே ஓடல. எனக்குத் தெரியாதுங்கிறதுக்கும் உனக்குக் குடுக்க மாட்டேன்ங்கிறதுக்கும் வித்தியாசம் காட்டாததால வந்த கூத்து.

பேரைக் கேக்கறதுல பணமும் விளையாடும், அதையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். இன்டெல், ஏஎம்டி செய்யற x86 சிப்ல சிபியுஐடின்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, உன்னால இன்னின்னது முடியுமான்னு ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பிட் வெச்சு பதில் சொல்லும், அதே இன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி பேரையும் சொல்லும். இன்டெலோட கம்பைலர், அதான் நாம எழுதினதை மெஷின் மொழிக்கு மாத்தற ப்ரோக்ராம், உண்டாக்கின கோடு பிட்டை மட்டும் பாக்காம கம்பெனி பேரையும் பாத்துச்சு, இன்டெல் இல்லேன்னா வேகமான வழி இருந்தும் மெதுவான வழியில அனுப்பிச்சு. ஏஎம்டி சிப் வெச்சிருந்தவங்க என் மெஷின் ஸ்லோன்னு நெனைச்சுகிட்டு இருந்திருப்பாங்க. 2010ல அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி இதை வாடிக்கையாளர்களுக்கு வெளிப்படையாச் சொல்லணும்னு இன்டெல்லை ஒத்துக்க வெச்சுது.

இப்ப நம்ம ஊர் விஷயம் ஒண்ணு, இதைத் தமிழ்ல ஃபைல் பேரு வைக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். லினக்ஸ்ல எக்ஸ்ட்4னு சொல்ற வழக்கமான ஃபைல் சிஸ்டம்ல ஒரு ஃபைல் பேரு 255 பைட் வரைக்கும் இருக்கலாம். விண்டோஸோட என்டிஎஃப்எஸ்லயும் 255தான், ஆனா அங்க எண்றது பைட் இல்ல, யூடிஎஃப்-16ங்கிற எழுத்துக் குறியீட்டோட யூனிட். இங்கிலீஷ்ல பேரு வெச்சா ரெண்டும் ஒண்ணுதான். தமிழ்ல யூடிஎஃப்-8ல எழுதினா ஒரு குறிக்கு 3 பைட் ஆகும், மெய்க்கு வைக்கிற புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. 'தமிழ்நாடு'ன்னு நாம பாக்கறப்போ அஞ்சு எழுத்து, உள்ள ஒன்பது குறி, எக்ஸ்ட்4ல 27 பைட், என்டிஎஃப்எஸ்ல 9 யூனிட். ஆக எக்ஸ்ட்4ல மொத்தமே 85 குறிதான், நாம பாக்கிற எழுத்துக் கணக்குல அம்பது ஒட்டிதான் வரும். பாட்டு, பழைய புத்தகம், பத்திரிகைக் கட்டுரைன்னு நீளமாத் தமிழ்ல பேரு வெச்சு விண்டோஸ்ல சேத்து வெச்சிருக்கிறவங்க லினக்ஸுக்கு காப்பி பண்ணும்போது சிலது மட்டும் பேரு நீளம்னு நிக்கிறது இதனாலதான். முன்னாடி உபுண்டுல ஹோம் ஃபோல்டரை என்க்ரிப்ட் பண்ணினா ஈகிரிப்ட்எஃப்எஸ்னு ஒண்ணு வரும், அதுல 143 பைட்தான், தமிழ்ல 47 குறி. அதே மெஷின், அதே லினக்ஸ், ஃபோல்டர் மாறினா பதில் மாறுது. இப்ப சொல்லுங்க, லினக்ஸா விண்டோஸான்னு கேட்டு இதுக்கு என்ன பதில் தெரிஞ்சுக்கப் போறீங்க?

யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதிகளான போசிக்ஸ்ல இதுக்கு பாத்கான்ஃப்னு ஒரு ஃபங்ஷன் ரொம்ப காலத்துக்கு முன்னாடியே வெச்சுட்டாங்க. இந்தப் பாதையில பேரு எவ்வளவு நீளம் போகும்னு பாதையைக் குடுத்தே கேக்கலாம், பைத்தான்லயும் ஓஎஸ்.பாத்கான்ஃப்னு இருக்கு, யூனிக்ஸ்ல மட்டும். சிஸ்டத்தைக் கேக்காம இடத்தைக் கேட்டது பெரிய விஷயம். ஆனா அதுலயும் ஒரு கோணல், அது -1னு சொன்னா எரராவும் இருக்கலாம், வரம்பே இல்லேங்கிறதாவும் இருக்கலாம், எரர் நம்பர் இருக்கிற எர்னோ மாறியிருக்கா இல்லையான்னு பாத்துத்தான் பிரிக்கணும். போசிக்ஸ்லயே கம்பைல் பண்ணும்போது பாக்கிற குறிகள்ல இதைவிட நல்லாப் பண்ணியிருக்காங்க, -1னா இல்லவே இல்ல, பூஜ்யத்துக்கு மேலன்னா எப்பவும் இருக்கு, பூஜ்யம்னா இப்பச் சொல்ல முடியாது ஓட்டும்போது கேட்டுக்கன்னு மூணு பதில். எனக்கு இப்பத் தெரியாதுன்னு சொல்ற தைரியம் நெறைய லைப்ரரிக்கு இல்ல.

கேட்டுப் பாத்து ஆமான்னு பதில் வந்தாலும் எப்பவும் நம்பலாம்னு இல்ல, அதையும் ஒத்துக்கணும். பழைய ஜிலிப்சியில எல்ச்மாட்னு ஒரு ஃபங்ஷன் லினக்ஸ்ல இருக்கும், லிங்க் ஆகும், கூப்பிட்டா எனக்குத் தெரியாதுன்னு ஈநோசிஸ் மட்டும் குடுக்கும், கடை போர்டு இருக்கு, உள்ள சரக்கு இல்ல. ஒரே நேரத்துல பல கணக்குப் போடற ஏவிஎக்ஸ் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு சிப் சரின்னு சொன்னாலும் ஆபரேட்டிங் சிஸ்டமும் சரின்னு சொல்லணும், ரெண்டையும் கேக்காத ப்ரோக்ராம் கிராஷ் ஆகும். காப்பி ஃபைல் ரேஞ்ச்னு ஒரு கால் 4.5 கெர்னல்லருந்து இருக்கு, ஆனா ஆரம்ப வெர்ஷன்கள்ல கோளாறு இருந்ததால கோ மொழியோட லைப்ரரி 5.3க்குக் கீழ அதைத் தொடாதேன்னு வெர்ஷன் நம்பரைப் பாத்தே ஒதுக்குச்சு. இந்த மாதிரி தெரிஞ்ச பிழையை ஒதுக்கறதுக்குப் பேரையும் நம்பரையும் கேக்கலாம், லாக்ல எழுதி வைக்கறதுக்குக் கேக்கலாம், தப்பே இல்ல. வசதி இருக்கான்னு தெரிஞ்சுக்க அதைக் கேக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

பிளஸ் டூ புத்தகத்துல பைத்தான்லருந்து சி ப்ளஸ் ப்ளஸ் ப்ரோக்ராமைக் கூப்பிடற பாடம் ஒண்ணு இருக்கு, ஓஎஸ்.சிஸ்டம் வெச்சு ஜி ப்ளஸ் ப்ளஸ்ங்கிற கம்பைலரைக் கூப்பிட்டு கம்பைல் பண்ணி ஓட்டுவாங்க, விண்டோஸ்ல அந்தக் கம்பைலரைத் தர்ற மிங்ஜிடபிள்யூ போட்டுட்டு. உங்க தொடரும் கூடிய சீக்கிரம் அங்க வரும்னு நெனைக்கறேன். அங்க வரும்போது விண்டோஸா லினக்ஸான்னு ஆரம்பிக்காதீங்க. ஷட்டில்.விச்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுவும் அதே 3.3ல வந்ததுதான், ஜி ப்ளஸ் ப்ளஸ் இந்த மெஷின்ல இருக்கா, இருந்தா எங்க இருக்குன்னு அதைக் கேளுங்க, இல்லேங்கிறதுக்கு 'நன்'னு வந்தா கம்பைலர் போடலப்பான்னு தமிழ்ல ஒரு வரி பிரிண்ட் பண்ணிட்டு நிறுத்துங்க. பள்ளிக்கூட லேப்ல பாதி பசங்க முழிக்கிறது கம்பைலர் இல்லாததாலயா கோடு தப்பானதாலயான்னு தெரியாமத்தான்.

போன வார கோடுக்குத் திருத்தம் போடறதா இருந்தா, கூடவே பசங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் குடுங்க. 90 குறி நீளத்துக்குத் தமிழ்ல ஒரு பேரு வெச்சு ஃபைல் ஒண்ணை உண்டாக்கச் சொல்லுங்க, வீட்டு விண்டோஸ்ல ஒரு தடவை, ஸ்கூல் லேப்ல லினக்ஸ் இருந்தா அங்க ஒரு தடவை, கையில ஃபோன்தான் இருக்குன்னா அதுல ஒரு தடவை. எரர் வந்தா என்ன எரர்னு பைத்தான்ல பிடிச்சு எழுதிட்டு வரச் சொல்லுங்க, முடிஞ்சா அதே ஃபோல்டர்ல ஓஎஸ்.பாத்கான்ஃப் என்ன நம்பர் சொல்லுதுன்னும் பக்கத்துல எழுதட்டும். வர்ற பதில்களை உங்க பக்கத்துலயே போட்டீங்கன்னா எனக்கும் பாக்க ஆசை.

இப்படிக்கு,
மாணவர் பக்கத்தை விடாம படிக்கிற ஒரு சாஃப்ட்வேர்காரன்,
ஈரோடு